ஒட்ட ஒட்ட வளரும் புகை

கும்மிடிப்பூண்டி கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வந்தால், ராபினுக்கு அந்தப் பழைய பிலிம் கேமராதான் கதி. லென்ஸை மாற்றினான், ஸ்பிரிங்கை மாற்றினான். படமெல்லாம் பளிச்சென்று விழுந்தது. ஆனால், சுவரோரம் நிற்கும் மனைவி எப்சிபாவின் பக்கத்தில், அவள் முழங்கால் உயரத்துக்கு வெள்ளையாய் ஒரு புகை.

"மூடி இடுக்குல வெளிச்சம் பூந்துக்கினு கீது" என்று கறுப்பு டேப் ஒட்டினான்.

அடுத்த ரோலில் புகை அவள் இடுப்பைத் தொட்டது.

"இன்னா பேஜாருடி இது! ஒட்ட ஒட்ட வளந்துக்கினே போவுது."

மறுநாள் சீக்கிரமே வீட்டுக்கு வந்தவன், எப்சிபா நகத்தால் டேப்பை உரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தான்.

"அடைச்சிடாதய்யா" என்று உடைந்தாள். "நம்ம ஷெரின் இருந்திருந்தா, இந்நேரம் என் இடுப்பு உசரம் வந்திருப்பா இல்ல?"

ராபின் மீதி டேப்பையும் உரித்து எறிந்துவிட்டு, கேமராவைக் கண்ணில் வைத்தான்.

"கொஞ்சம் தள்ளி நில்லு. பாப்பாவுக்கு எடம் வேணும்."