ஈர மணலுக்கு ஏற்ற மிஷின்

மெட்டல் டிடெக்டர் விற்கும் வேலூர் கடையில் ரெனிட்டா ஒரு நிமிடம்கூட உட்காரவில்லை.

"செம்மண்ணுன்னா இந்தச் சின்ன மிஷினே போதும், விலையும் கம்மி," என்றார் கடைக்காரர் சுப்பராயன். "உங்களுக்கு இன்னா மண்ணு?"

"பாலாத்து மணல். வெள்ளம் வடிஞ்சி இன்னும் ஈரமா இருக்கு."

"ஈரத்துல சின்னது சும்மா கத்திக்கினே இருக்கும். பெரிசுதான் சரி. விலை ஜாஸ்தி."

"பெரிசே குடுங்க. இப்பவே வந்து ஓட்டிக் காட்டுங்க."

புதையல் ஆசை என்று நினைத்துக்கொண்டே சுப்பராயன் விரிஞ்சிபுரம் வரை வந்தார். ரெனிட்டா அவரை எங்கும் நிற்க விடவில்லை. நாணல் ஓரமாகத் தேடிக்கொண்டே போனபோது, வெள்ளத்தில் சாய்ந்து கிடந்த மரத்தடியில் மிஷின் விடாமல் கத்தியது.

"நீட்டமா ஏதோ இருக்கும்மா!" சுப்பராயன் உற்சாகமாகக் கடப்பாரையை ஓங்கினார்.

ரெனிட்டா ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கடப்பாரை வேணாங்க, கையாலயே தோண்டலாம். எங்க வூட்டுக்காரருக்குத் தொடையில ஸ்டீல் ராடு வெச்சிருந்தாங்க. வெள்ளத்துல போனவரை எல்லாரும் தேடிப் பாத்து விட்டுட்டாங்க."

சுப்பராயன் கடப்பாரையை ஓரமாகப் போட்டுவிட்டு மண்டியிட்டு மணலை அள்ளினார். முழங்கை ஆழத்தில் நீலச் சட்டை தெரிந்ததும், ரெனிட்டா அத்தனை நாள் அடக்கிவைத்த அழுகையை அழுதாள்.