கெர்னோட்டின் மேப்பிள் இலைகள்

ரோஸ்வித்தா இலை கூட்டும் வாரியோடு வேலியருகே வந்து நின்றதைப் பார்த்ததும், பக்கத்துத் தோட்டத்தில் ரோஜாச் செடியை வெட்டிக்கொண்டிருந்த நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன்.

இந்தச் சண்டையை நான் எந்த வருஷமும் தவறவிட்டதில்லை.

லைப்சிக் நகரத்து ஓரத்தில், ஆளுக்கொரு துண்டு நிலமாக வேலி போட்டுப் பிரித்த எங்கள் தோட்டக் காலனியில், நவம்பர் பிறந்ததும் குழாய்த் தண்ணீரை அடைத்துவிடுவார்கள். அப்புறம் வசந்தம் வரை ஆள் நடமாட்டம் இருக்காது. இன்று தண்ணீர் அடைக்கும் நாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் கெர்னோட். மனைவி இறந்தபின் தனி ஆள். ரொட்டிக் கடையில் ஒரு ரொட்டி கேட்பதைத் தவிர, வாரம் முழுக்க அவருக்கு வாயைத் திறக்க வேலையில்லை.

ரோஸ்வித்தாவும் தனி ஆள்தான். ஆனால் காரணமில்லாமல் யார் வேலிப் பக்கமும் போகமாட்டாள்.

அந்தக் காரணத்தை வருஷா வருஷம் இலைதான் கொடுத்தது. கெர்னோட்டின் மேப்பிள் இலைகள் அவளுடைய ஸ்ட்ராபெரிப் பாத்தியில் விழும். அவள் சண்டைக்கு வருவாள். திட்டி முடித்ததும் அதே இலைகளை அள்ளி, உறைபனி தாக்காமல் பாத்திக்குப் போர்த்திவிட்டு, மிச்சத்தைக் கம்பிக் கூண்டில் போட்டு மட்க வைப்பாள். நன்றி என்று மட்டும் வாய் தவறிக்கூடச் சொல்லமாட்டாள்.

இன்று வருவாளா மாட்டாளா என்று கெர்னோட் காலையிலிருந்து தவித்தார். சுத்தமாக இருந்த மண்வெட்டியைத் திரும்பத் திரும்பக் கழுவினார்.

"கெர்னோட், உங்க மரம் என் பாத்திய நாசம் பண்ணிடுச்சு."

அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அதை மறைக்கக் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டினார்.

"காத்தடிச்சா நான் என்ன பண்றது ரோஸ்வித்தா? வேலி தாண்டி விழுந்தா அது உங்க இலை."

"காத்து அடிச்சா நாலா பக்கமும் சிதறாதா? இது மூட்டைய அவுத்துக் கொட்டின மாதிரி ஒரே குவியலா கிடக்கு."

"இந்தப் பக்கத்துக் காத்து கொஞ்சம் ஒழுங்கானது."

அவள் குவியலுக்குள் கைவிட்டு ஓர் இலையை உருவி, வேலிக்கு மேலே தூக்கிக் காட்டினாள். நீளமாக விரல் விரித்த இலை. உடம்பெல்லாம் பழுப்புப் புள்ளி.

எனக்கே பக்கென்றது. புழு வைத்த செஸ்ட்நட் இலை. அந்தப் புழு இலைக்குள்ளேயே குளிர்காலத்தைத் தூங்கிக் கழிக்கும். எங்கள் காலனியில் யாரும் அதைக் குப்பைத் தொட்டியில் போடுவார்களே தவிர, தோட்டத்துக்குள் சேர்க்கமாட்டார்கள். இத்தனை காலம் மண்ணைக் கிண்டிய மனிதர் இதைக்கூடப் பார்க்காமல் விட்டிருக்கிறார்.

"உங்க மேப்பிள் இந்த வருஷம் செஸ்ட்நட் இலையும் போடுது போல. டிராம் ஸ்டாப் செஸ்ட்நட் மரத்துக்குத் தூரத்துச் சொந்தமா?"

கெர்னோட்டின் காது சிவந்துபோனது.

"வயசாயிடுச்சு. கொஞ்சம் தடுமாறுது."

இனி அவ்வளவுதான், இலையை அவர் முகத்தில் வீசிவிட்டுப் போகப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அடுத்த வருஷம் மேப்பிள மட்டும் போடச் சொல்லுங்க" என்றாள்.

அடுத்த வருஷம் என்றாள். எனக்கே அவ்வளவு சந்தோஷம் என்றால் கெர்னோட்டுக்குக் கேட்க வேண்டுமா? பிளாஸ்க்கில் காபி இருக்கிறது என்பதைச் சொல்வதற்குள் நாக்குக் குழறிவிட்டது.

ரோஸ்வித்தா வாரியை வேலியில் சாய்த்துவிட்டு, முதல்முறையாக அவர் தோட்டக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள்.

நாற்காலிகளையெல்லாம் அவர் குளிர்காலத்துக்காகக் கொட்டகைக்குள் அடுக்கிவிட்டார். உட்கார ஓர் இடம்தான் இருந்தது. இந்த வருஷம் பிப்ரவரியில் ரம்பம் வைத்து அறுத்த மேப்பிள் மரத்தின் அடிக்கட்டை. இருவரும் அதில் நெருங்கி உட்கார்ந்தார்கள்.

அறுத்த அன்று மரத்தூளைக் கூடை கூடையாகத் தன் தோட்டத்துக்கு அள்ளிக்கொண்டு போனவளே ரோஸ்வித்தாதான்.