அடி தெரிகிற தண்ணீர்

"எம்மா, அந்த ஆளு மறுபடியும் வந்து நின்னுகினு கீறாரு" என்றாள் செங்கொடி.

துணிக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்த பூவம்மா நிமிர்ந்து பார்த்தாள். எதிர்க்கரையில் எருமைக்காரர் பொன்னுரங்கம். கையில் தாம்புக்கயிறு. பார்வை முழுக்க மகளின் மேல்.

"அந்தாண்ட பாக்காத. எம் பக்கத்துல வந்து குந்து."

திருவொற்றியூர் குடியிருப்புக்குப் பின்னால் எவனோ கான்ட்ராக்டர் தோண்டிப் போட்டுவிட்டுப் போன குழி அது. மழை நின்றதும் தண்ணீர் தெளிந்து, எதிர் பிளாக்கின் ஜன்னலெல்லாம் அதில் தலைகீழாகத் தெரிந்தது. குழாயில் மஞ்சளாகத் தண்ணீர் வருகிற ஊரில் இது யாருக்குக் கிடைக்கும்! கரையில் நட்டிருந்த ஒரு பலகையைப் பிடுங்கி, உட்கார்ந்து துவைக்கத் தோதாகப் போட்டுக்கொண்டாள் பூவம்மா. பெயிண்டில் ஏதோ எழுதியிருந்தது. எந்தக் கட்சிக்காரன் எழுதினானோ என்று படிக்காமலேயே கவிழ்த்துப் போட்டாள்.

அடுத்த நாளே பொன்னுரங்கம் கூடை கூடையாகச் சாணியைக் கொண்டுவந்து தண்ணீரில் கொட்ட ஆரம்பித்தார்.

பூவம்மா விடுவாளா? "யோவ், கம்பெனிக்காரன் கலீஜ் பண்றது பத்தாதுன்னு நீ வேறயா? இன்னொரு கூடை கொட்டுன, போலீசாண்ட போவேன்!"

"பசங்க வர்ற எடம்மா..." என்று அவர் ஏதோ ஆரம்பித்தார். பேச யார் விட்டார்கள்? தெருவே கூடிக் கத்தியது.

சாணி நின்றது. தண்ணீர் தெளிந்தது. அதற்கப்புறம்தான் கயிறும் கையுமாக இப்படி வந்து நிற்கிறார். பழி தீர்க்கப் பார்க்கிறானோ? பெண்ணை வைத்துக்கொண்டு பூவம்மா பயந்து செத்தாள்.

நேற்று சோறுகூட இறங்கவில்லை. செங்கொடி மட்டும், பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்ததென்று கிண்ணத்தில் காசைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி விளையாடிக்கொண்டிருந்தாள்.

"காசு அடியிலதாம்மா கீது. வெளிச்சம் தண்ணிய வுட்டு வெளிய வரச்சொல்ல வளையுது. அதான் மேல வந்தமாரி தெரியுது."

"உன் வெளிச்சத்த ஓரமா வெச்சிட்டு துன்னுடி" என்று அதட்டியதோடு சரி.

இப்போது பதற்றத்தில் சொம்பு கை நழுவித் தண்ணீருக்குள் விழுந்தது. அடியில் பளபளவென்று தெரிந்தது.

"இடுப்பளவுதான் கீது. எறங்கி எட்து குடு, வூட்டுக்குப் பூடலாம்."

"எறங்காத பாப்பா!" எதிர்க்கரையிலிருந்து பொன்னுரங்கம் அலறிக்கொண்டு ஓடிவந்தார்.

"ஐயோ, வர்றான்! சீக்கிரம்டி!"

செங்கொடி காலை வைத்தாள். கால் எட்டவில்லை. தலைக்கு மேல் தண்ணீர் மூடிக்கொண்டது.

உள்ளே பெண்ணின் கை துழாவுவது தெரிந்தது. பூவம்மா கரையிலிருந்தே பாய்ந்து பிடித்தாள். கைக்கு வெறும் தண்ணீர்தான் அகப்பட்டது. மறுபடி பிடித்தாள். மறுபடியும் தண்ணீர்தான்.

பொன்னுரங்கம் கயிற்றின் ஒரு முனையை அவள் கையில் திணித்துவிட்டு, மறுமுனையோடு குதித்தார்.

கரையேறிய செங்கொடி இருமினாள், அழுதாள். அந்த அழுகையைக் கேட்டபிறகுதான் பூவம்மாவுக்கு உயிர் வந்தது. பெண்ணை மடியில் அள்ளிப் போட்டுக்கொண்டு பலகைமேல் சரிந்தாள்.

"ரெண்டாள் ஆழம்மா" என்றார் பொன்னுரங்கம், மூச்சு வாங்கியபடி. "தெளிஞ்சி கெடந்தா இடுப்பளவாத்தான் தெரியும். கலங்கிக் கெடந்தா எந்தக் கொயந்தையும் கால வெக்காது. அதான் சாணி போட்டேன். நீங்க வேணான்னீங்க, கயித்தோட வந்து நின்னேன்."

பூவம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "இத மொதல்லயே எங்களாண்ட சொல்லியிருக்கக் கூடாதா நைனா?"

"சொல்லாமயா? மொதல்ல ஒரு பலகைல எழுதித்தான் நட்டேன். எந்தப் பாவியோ புடுங்கிகினு பூட்டான்."

எழுந்திருக்கச் சொல்லி மகள் எவ்வளவு இழுத்தும், பூவம்மா அந்தப் பலகையை விட்டு எழுந்திருக்கவேயில்லை.