ஐந்து விரல் வீடியோ

ஏழாவது ஆப்பையும் என் மச்சினி சிநேகா வேண்டாம் என்றாள்.

"கை சரியில்ல மாமா."

ஒரே ஒரு போட்டோவை வீடியோவாக்க ஏழு ஆப். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட மூன்றாவது வரனிலேயே தலையாட்டிவிட்டாள்.

அடுத்த வாரம் செங்கல்பட்டு சர்ச்சில் அவளுக்குக் கல்யாணம், மாலை மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலில் வரவேற்பு. அதற்கு முன்னால் இன்ஸ்டாகிராமில் போட ஒரு வீடியோ வேண்டுமாம். நிச்சயதார்த்தத்தன்று என் மாமனார் தாவீது அவள் தலையில் வலது கையை வைத்து ஜெபம் பண்ணிய போட்டோ இருக்கிறது. அதை ஏஐயிடம் கொடுத்தால் கை அசையும், கண் மூடும், முந்தானை பறக்கும்.

மூத்த மருமகன் என்பதால் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவன். உட்கார்ந்து என்ன செய்கிறேன் என்று படாளத்தில் மாமனார் வீட்டில் இதுவரை யாரும் கேட்டதில்லை.

ஒரு சின்னச் சிக்கல். மாமனாரின் வலது கையில் மூன்று விரல்தான். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு பட்டறையில் பிரஸ் மிஷின் ஓட்டியபோது இரண்டு போய்விட்டன.

முதல் ஆப் இலவசம். மாமனாரின் நெற்றியிலேயே தன் விளம்பரத்தை ஒட்டிவிட்டது. இரண்டாவது, அவரைச் சிவப்பாக்கி வெளிநாட்டுப் பாஸ்டராக மாற்றியது. மூன்றாவது, படாளத்தில் பனி பெய்ய வைத்தது. நான்காவதில் கைக்கு ஆறு விரல். போனது இரண்டு, வந்தது மூன்று. வட்டியும் சேர்த்துக் கொடுத்திருந்தது. ஐந்தும் ஆறும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஏழாவதுக்கு என் கைக்காசைக் கட்டினேன். அளவெடுத்தாற்போல் ஐந்து விரல், கூடவே ஒரு மோதிரம் இனாம்.

அதற்கும் கை சரியில்லையாம்.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. பி.இ. படித்த பெண்ணுக்கு அப்பாவின் கை கூச்சமாக இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாதபடி விரல் முளைக்க வேண்டும். அடுப்படிக்குப் போய், பெற்றவர் கையைப் பார்த்து வெட்கப்படும் பிள்ளைகளைப் பற்றி என் மனைவி ரெஜினாவிடம் கால் மணி நேரம் பேசினேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே இருந்தாள். நான் நியாயம் பேசினால் அவளால் எதிர்த்துப் பேச முடியாது.

நான் அப்படிப்பட்டவன் இல்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால், என் கல்யாணத்தில் ஊரார் பார்க்க மாமனாருக்கு ஜரிகைச் சால்வை போர்த்தியவன். அவரும் அதை விட்டதில்லை. எந்த விசேஷத்துக்குப் போனாலும், சித்திரை வெயிலிலும் அதைப் போர்த்திக்கொண்டுதான் போவார். மருமகன் மேல் அவ்வளவு பிரியம் என்று எல்லோரிடமும் சொல்வேன். நிச்சயதார்த்தத்தன்று ஜெபத்துக்குச் சற்று முன்னால், புழுக்கமாக இருக்கிறது என்று இதே சிநேகாதான் அதை அவர் தோளிலிருந்து உருவி நாற்காலியில் போட்டாள். எனக்கு அன்றைக்கே சுருக்கென்றது.

நான் கூடத்துக்குத் திரும்பியபோது மாமனார் உள்ளே வந்தார். வலது கை வழக்கம்போல் துண்டுக்குள் இருந்தது. ஏழாவது வீடியோவை இரண்டு தரம் போடச் சொல்லிப் பார்த்தார்.

"நல்லாத்தான் கீது மாப்ள. அஞ்சும் கீது."

பிறகு மகள் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்.

"கண்ணு, இதுவும் புடிக்கலன்னா அந்தப் போட்டோவே வாணாம். கல்யாணத்தன்னிக்கி நான் எடது கையாலயே ஜெபம் பண்ணிடறேன். பையன் வூட்டுக்காரங்க எதுனா நெனச்சிக்கப் போறாங்க."

சிநேகா என்னிடமிருந்து போனை வாங்கி, எட்டாவதாக ஒரு ஆப்பை அவளே இறக்கினாள். அது எதையும் புதிதாக வரையாது, அசைக்காது, அழகுபடுத்தாது. இருக்கிற போட்டோவை மெதுவாகக் கிட்டே கொண்டுவரும், அவ்வளவுதான். இதற்கெல்லாம் ஏஐ என்று பெயர் வைத்தவனைச் சொல்ல வேண்டும்.

வீடியோ ஓடியது. மூடிய கண்கள் வந்தன, நெற்றி வந்தது, வகிடு வந்தது. வகிட்டின் மேல் இருந்த கைக்கு வந்ததும் நின்றுவிட்டது. திரை முழுக்க மூன்று விரல்.

"இன்னாம்மா இது, ஊரே பாக்குமே" என்றார் மாமனார்.

"பாக்கட்டும்பா. ரெண்டு வெரல் போயும் அதே மிஷின்ல நின்னு என்ன படிக்க வெச்ச கை இது. அந்த ஆப்புல வந்ததெல்லாம் யார் கையோ."

பெரியவர் துண்டிலிருந்து கையை வெளியே எடுத்தார். எடுத்ததை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"அக்கா கல்யாண ஆல்பத்துல உன் கையே இல்ல. எல்லாப் போட்டோலயும் சால்வதான் கீது" என்றாள் சிநேகா. "என்னுதுலயாவது இருக்கட்டும்."

ரெஜினா அடுப்படி வாசலில் வந்து நின்றாள். மூன்று பேரில் ஒருவர்கூட என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது எனக்கு.

அந்த விஷயம் எனக்கும் மாமனாருக்கும் மட்டும்தான் தெரியும் என்று இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். சால்வையைப் போர்த்தும் சாக்கில் அன்று அவர் காதோரம் குனிந்து நான் சொன்னது:

"மாமா, போட்டோ புடிக்கிறப்போ கைய உள்ள வெச்சிக்குங்க."