டென்மார்க்கின் தலைசிறந்த வாசகர்

இதில் ஒரு சொல்லைக்கூடக் கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை என்று பைபிள் மேல் கைவைத்துச் சத்தியம் செய்தாகிவிட்டது. இனி நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

டென்மார்க்கின் ஆல்போர்க் நகரத்து மண்டபத்தில், இந்த ஆண்டின் தலைசிறந்த வாசகர் திரு. பிரேபன் புரூன் என்று அழைத்ததும் எழுந்து நின்றவர், பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு ஒரு புத்தகத்தையும் திறந்து பார்த்தவரில்லை. பெயரும் பிரேபன் இல்லை, ஹானுஸ். டென்மார்க் ஆட்சிக்குட்பட்ட, நடுக்கடலில் கிடக்கும் பாரோ தீவுகளின் வடகோடியில் ஆடு வளர்ப்பவர்.

பிரேபன் என்று ஒருவர் பிறக்கவேயில்லை. எட்டு வருஷத்துக்கு முன் ஊர்ப் பள்ளிக்கூட டீச்சர் சுன்வா, மின்புத்தகக் கடை ஒன்றில் துப்பறியும் நாவல் வாங்கப் போனாள். எந்த நாடு என்று கேட்டது கடை. பட்டியலில் பாப்புவா நியூ கினி இருந்தது, பாரோ தீவுகள் இல்லை. எழுதிக் கேட்டதற்கு, பட்டியலில் உள்ள ஏதேனும் ஒரு நாட்டில் குடியேறிவிட்டு மறுபடி முயலும்படி மிகப் பணிவாகப் பதில் வந்தது.

சுன்வா வேறொருவரைக் குடியேற்றினாள். ஆல்போர்க்கில் இருக்கும் சித்தி மகளின் விலாசத்தையும் வங்கி அட்டையையும் கொடுத்து, பிரேபன் புரூன், வயது ஐம்பத்திரண்டு, மணமாகாதவர் என்று எழுதிவிட்டாள். அன்றிலிருந்து ஊரே பிரேபன் பெயரில்தான் படித்தது. பாதிரியார் வேத விளக்கம், படகு எஞ்சின் பழுதுபார்ப்பவர் காதல் கதை, பிள்ளைத்தாச்சிகள் பிரசவப் புத்தகம், ஹானுஸின் மனைவி ஆட்டு வைத்தியம்.

தனிக்கட்டை ஒருவர் ஒரே வருஷத்தில் முந்நூறு புத்தகம் படிக்கிறார், அதில் பதினொன்று பிரசவத்தைப் பற்றி என்றதும் கடைக்காரர்களுக்குப் புல்லரித்துவிட்டது. நேரில் வந்து பரிசு வாங்கிக்கொள்ளும்படி கடிதம் போட்டார்கள். வர முடியாவிட்டால் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்களாம்.

ஊருக்குக் கிலி பிடித்தது. அப்படி ஓர் ஆளே இல்லை என்று தெரிந்தால் கணக்கை மூடிவிடுவார்கள். எட்டு வருஷப் புத்தகமும் எல்லார் கையிலிருந்தும் ஒரே நொடியில் மறைந்துபோகும். பிறகு குளிர்காலம் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். படகுக் கொட்டகையில் கூடிப் பேசியதில், சுத்தமான டேனிஷ் பேச்சும் இன்னமும் பொத்தான் மாட்டக்கூடிய கோட்டும் ஹானுஸிடம் மட்டுமே இருப்பது தெரியவந்தது.

"நான் என்னத்தைப் படிச்சேன்னு என்னை அனுப்புறீங்க?" என்றார் ஹானுஸ்.

"நீங்க படிக்க வேணாம் அண்ணே. நாங்க சொல்றதைக் காதுல வாங்கிக்கிட்டாப் போதும்," என்றாள் சுன்வா.

ஆளாளுக்குத் தாங்கள் படித்ததைச் சொல்லித்தான் அனுப்பினார்கள். ஒன்றரை நாள் கப்பல் போட்ட ஆட்டத்தில் அத்தனையும் அவருக்குள் ஒன்றோடொன்று கலந்துவிட்டது.

மேடையில் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: உங்கள் மனசை விட்டு நீங்காத கதை எது?

ஹானுஸ் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒரு பாதிரியாருக்குக் குளம்பு அழுகிப்போகுது. ஊருக்குப் புதுசா வந்த டாக்டரம்மா அதைச் சீவி விடுறா. அப்புறம் ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கிறாங்க. கொலை பண்ணது யாருன்னு மட்டும் சொல்ல மாட்டேன், நீங்க படிக்கணும்ல?"

மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று கைதட்டியது. முன்வரிசைப் பேராசிரியர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கைதட்டாதவர் ஒரே ஒருவர், இரண்டாம் பரிசு வாங்கிய இங்கர் லுண்ட் என்ற அம்மாள். டென்மார்க்கின் ஓடென்ஸ நகரத்துக்காரி என்று மேடையில் சொல்லியிருந்தார்கள். விருந்தில் ஹானுஸுக்குப் பக்கத்து நாற்காலி அவளுடையது. உட்கார்ந்ததும் குனிந்து மெதுவாகக் கேட்டாள்:

"சீவினதோட விட்டாளா, மயில்துத்தத் தண்ணியில நிக்கவும் வெச்சாளா?"

ஹானுஸ் வாய்க்குக் கொண்டுபோன மீன் துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டார். கதையைத் துருவித் துருவி ஆளைப் பிடிக்கக் கடைக்காரர்கள் வைத்த உளவாளி இவள் என்று முடிவு கட்டினார். அதன்பிறகு உப்பு வேண்டும் என்றுகூட வாயைத் திறக்கவில்லை.

பாரோ தீவுகளுக்குத் திரும்பும் கப்பலில், மறுநாள் காலை மேல்தளத்துக்கு வந்தவர் வந்த வழியே திரும்பப் பார்த்தார். கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டபடி அதே அம்மாள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் இடப்பக்கம் நகர்ந்தால் அவள் வலப்பக்கம் நகர்ந்தாள். கண் மட்டும் அவரை விடவில்லை. வீட்டு வாசல்வரை தொடர்ந்து வரப்போகிறாள் என்று தோன்றியது. கொலைகாரனைப் பிடிக்க இன்னும் இரண்டே அத்தியாயம் பாக்கி வைத்துக் காத்திருக்கும் சுன்வாவின் முகம் அவர் கண்முன் வந்தது.

ஆனது ஆகட்டும் என்று நேரே போய் அவள் எதிரில் நின்றார்.

"அம்மா, பிரேபன்னு ஒருத்தன் கிடையாது. எங்க ஊர்ல நாப்பத்தோரு பேர் சேர்ந்துதான் பிரேபன். என்னை என்ன வேணா பண்ணுங்க, கணக்கை மட்டும் மூடிராதீங்க. பாவம், பாதிக் கதையில நிக்கிறாங்க."

அந்த அம்மாள் தொப்பியைக் கழற்றிவிட்டு, மனம் ஆறாமல் கேட்டாள்:

"எங்க ஊர்ல அறுபத்திரெண்டு பேர் படிச்சும் ரெண்டாம் பரிசுதானா?"