ரீகன் முடுக்கிய போல்ட்

நெடுந்தூரப் பாய்மரப் பலகைப் பந்தயத்தில் பாதிக் கடல் தாண்டியும் ரீகன் என்னை முந்தவில்லை. முந்துகிற வேகம் அவனிடம் இருந்தது. காற்று வரும் பக்கமாக ஏறி வந்து, முன்னால் போகிறவனின் பாய்க்குக் காற்றை மறைப்பதுதான் எல்லாரும் செய்வது. அவன் அதையும் செய்யாமல் மறுபக்கத்தில், என் பாயின் மறைவிலேயே ஒட்டிக்கொண்டு வந்தான். பிறகு கத்தினான்.

“அண்ணே, பாய்மரத்தடி போல்ட் ஆடுது. பாத்துக்கிடுங்க.”

பாய்மரத்தைப் பலகையோடு பிணைப்பது அதுதான். அது கழன்றால் பாய் ஒரு பக்கம், பலகை ஒரு பக்கம் போய்விடும். கரை எந்தத் திசையிலும் தெரியவில்லை. நின்று பார்த்தால் அவன் முந்திவிடுவான். முன்னால் ஊன்றியிருந்த காலை நீட்டிப் பெருவிரலால் தொட்டேன். ஆடவில்லை என்றுதான் தோன்றியது. பாயின் அடிவிளிம்பு மறைக்கிற இடம் அது. அவன் பக்கத்திலிருந்து தெரியவே தெரியாது.

“ஒனக்கு எப்படிலே தெரியும்?”

அவன் தன் பாயைச் சரிசெய்யத் தொடங்கினான். காலையில் கிளம்பும்போது, வெயிலுக்குப் பூசிய கிரீமில் என் கை வழுக்கியது. “குடுங்கண்ணே” என்று ஸ்பேனரை வாங்கி அந்த போல்ட்டை முடுக்கித் தந்தவன் ரீகன்தான். முழுக்க முடுக்கினானா என்று நான் பார்க்கவில்லை.

“ஏலே, நீ முன்னால போ,” என்றேன்.

“இல்லண்ணே, நீங்க போங்க. நான் பக்கத்துலயே வாறேன்.”

வெகுநேரம் கழித்துக் கரை தெரிந்தது. முடிவுக்கோட்டின் கொடியும் தெரிந்தது. ரீகன் அதைப் பார்க்கவில்லை. என் காலடியையே பார்த்துக்கொண்டு வந்தான்.