ஆறு மணிக்கு முன்னால்

"இன்னிக்கும் ஏழு நிமிஷத்தை முழுங்கிட்டான் சாமி! என் கண்ணால கடிகாரத்தைப் பார்த்தேன்!"

தியானம் முடிந்து மற்றவர்கள் பாயைச் சுருட்டுவதற்குள், டோ சான் யீ அம்மாள், பிக்குவின் முன்னால் போய் மண்டியிட்டுவிட்டாள். அவ்வளவு கோபம்.

வராதா பின்னே? பர்மாவின் மாந்தலே நகரில், அந்தப் பேட்டையின் புத்த தம்ம மண்டபத்தில் பன்னிரண்டு வருஷமாகத் தியானம் பழகுகிறவள். மழை, வெயில், காய்ச்சல் என்று ஒரு நாள் தவறியதில்லை. மாலை ஐந்திலிருந்து ஆறு வரை, மணி அடிக்கும்வரை கை காலை அசைப்பதில்லை என்று சங்கல்பம் செய்துகொண்டு உட்காருவார்கள். பழைய மாணவர்கள் முன்வரிசை, புதிதாகக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் பின்வரிசை. முன்வரிசையில் முதல் பாய் சான் யீயுடையது.

"ஒரு நாள்னா கை தவறிடுச்சுன்னு விடலாம். ஒரு மாசமா இதே கூத்து! அஞ்சு அம்பத்து மூணுக்கு அடிக்கிறான், அஞ்சு அம்பதுக்கு அடிக்கிறான். சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்னு சும்மாவா சொன்னாங்க!"

பூசாரி என்று அவள் சொன்னது மணி அடிக்கும் ஊ பா ஓனை. ஆற்று வெள்ளத்தில் வீடு வாசலைப் பறிகொடுத்துவிட்டு ஒண்டியாக வந்து சேர்ந்த மனுஷர். மண்டபத்தைக் கூட்டுவார், தண்ணீர் இறைப்பார், மணி அடிப்பார். அதற்குச் சாப்பாடும், பின்கட்டில் படுக்க ஓர் அறையும். அதை விட்டால் அவருக்குப் போக்கிடம் கிடையாது.

பிக்கு அவரைக் கூப்பிட்டுக் கேட்டார். "பா ஓன், அம்மா சொல்றது நெசமா?"

"நெசந்தான் சாமி."

"ஏன் இப்படிப் பண்றே?"

பா ஓன் தலையைச் சொறிந்தார். "அதைக் கேக்காதீங்க சாமி. சொன்னா ஒருத்தருக்குத் தலைகுனிவு."

அவ்வளவுதான், சான் யீக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒருத்தருக்கா! கேட்டீங்களா சாமி? எவளோ ஒரு புதுசு, கால் வலிக்குதுன்னு இவன்கிட்ட வந்து மூக்கைச் சிந்தியிருக்கா. இவனும் உருகிட்டான். அவ ஒருத்திக்காக நாப்பது பேரோட தியானத்துல கை வைக்கிறதா? வலி தாங்க முடியலேன்னா வீட்டுல மெத்தை போட்டுப் படுத்துக்கட்டுமே! இங்க என்ன வேலை?"

"கொஞ்சம் பொறும்மா," என்றார் பிக்கு.

"பொறுத்தது போதும் சாமி! கடைசிப் பத்து நிமிஷத்துலதான் எனக்கு உடம்பே மறந்துபோகுது. கை இருக்கா, கால் இருக்கான்னுகூடத் தெரியறதில்ல. அந்த நிலைக்கு வர எனக்குப் பன்னெண்டு வருஷம் ஆச்சு. சரியா அந்த நேரம் பார்த்து, பாவி மட்டையால அடிச்சு உடைக்கிறான்!"

சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற பழைய மாணவிகள் சுருட்டிய பாயையே மறுபடி சுருட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி செருப்பைத் தேடுகிற மாதிரி வெளியே நழுவினாள். நியாயத்தைக் கேட்க இந்த ஊரில் ஒரு நாதி இல்லையே என்று சான் யீ குமுறினாள்.

"யாருன்னு சொல்லிடு பா ஓன். உன்னை விட்டுடறேன்."

"மாட்டேம்மா."

"திமிரைப் பாருங்க! சாமி, நாளைக்கும் ஆறுக்கு முன்னால மணி அடிச்சா இந்த ஆள் இங்க இருக்கக் கூடாது. இல்லேன்னா நான் வரமாட்டேன்."

பிக்கு சற்று யோசித்தார். "நாளைக்கு நானும் வந்து உக்கார்றேன். பா ஓன், ஆறு மணி. தெரிஞ்சுதா? தவறினா அப்புறம் என் கையிலயும் ஒண்ணும் இல்ல."

"பார்க்கிறேன் சாமி."

"பார்க்கிறானாமே, பார்க்கிறான்!" என்று முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டு போனாள் சான் யீ.

மறுநாள் பிக்கு வந்து உட்கார்ந்தார். பின்வரிசையில் புதிதாக ஒரு பெண். சந்தை முனையில் மொஹிங்கா என்ற மீன்குழம்புச் சேமியா விற்கிற மா நூ. அன்றைக்குத்தான் முதல் நாள், எப்படி உட்காருவது என்றே பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

சான் யீ கண்ணை மூடினாள். மூச்சைக் கவனித்தாள். முழங்கால் வலித்தது, பல்லைக் கடித்துக்கொண்டாள். வலி விட்டது. பிறகு வழக்கம்போல உடம்பு மறந்தது, மண்டபம் மறந்தது, எல்லாம் மறந்தது.

டாங்!

விழித்ததும் முதலில் கடிகாரத்தைத்தான் பார்த்தாள். ஆறுக்கு எட்டு நிமிஷம்!

"பார்த்தீங்களா சாமி! உங்க கண்ணு முன்னாலயே! என்ன நெஞ்சழுத்தம் இவனுக்கு!"

பா ஓன் மணி மட்டையைக் கீழே வைத்தார். பிக்குவை மூன்று தடவை விழுந்து வணங்கினார்.

"என் துணிமணி ஒரு மூட்டைதான் சாமி. இப்பவே கெளம்பிடறேன்."

"கெளம்பு! போறதுக்கு முன்னால, எந்த மகராசிக்காக இவ்வளவும் பண்ணினேன்னு சொல்லிட்டாவது போ!" சான் யீயின் குரல் மண்டபத்தையே இடித்தது.

பா ஓன் பின்கட்டை நோக்கி நடந்தார். முன்வரிசை அவசரமாகப் பாயைச் சுருட்டியது. பின்னாலிருந்து மா நூ எழுந்து வந்தாள். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று அவளுக்கு இன்னும் யாரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை.

"அவரைத் திட்டாதீங்க பெரியம்மா, பாவம்! நீங்க குறட்டை விட ஆரம்பிச்சதும் ரெண்டு தடவை கனைச்சாரு, கதவைக்கூடப் படார்னு சாத்திப் பார்த்தாரு, நீங்க எழுந்திருக்கல. பின்னாடி நாங்க எல்லாரும் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்க ஆரம்பிச்சப்புறந்தான் ஓடிப்போய் மணி அடிச்சாரு."